ஏலாவில் ஈரநிலம்: தண்ணீர் நிற்காவிட்டால், நின்றது இறங்காவிட்டால் என்ன செய்வது

இரண்டு ரப்பர் மேடுகளுக்கு நடுவே பள்ளமாகக் கிடக்கும் வயல்வெளியைக் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம் ஏலா என்போம். கேரள எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை போனாலும் அதே பெயர்தான். எங்கள் ஏலாவில் தாத்தா காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் விளைந்தது. அப்புறம் வாழைக்கு மாறினோம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்து குலை தள்ளிய வாழையை எல்லாம் படுக்கப் போட்டது. அதற்குப் பிறகு அங்கே மண்வெட்டியோடு இறங்க யாருக்கும் மனசில்லை.

அதில் எங்கள் பங்கு 60 சென்ட். பள்ளமான 25 சென்ட்டில் கரை போட்டுத் தண்ணீர் நிறுத்தி, தவளையும் பறவையும் வரட்டும் என்று விட்டிருக்கிறேன். சொல்ல எளிதாக இருக்கிறது. முதல் இரண்டு வருடம் பட்ட பாட்டில் பாதி, தண்ணீரை எப்போது இறக்குவது என்று தெரியாததால் வந்தது. நிறுத்துவதைப் பற்றியே யோசித்தேன், இறக்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

யார் வந்து என்ன கோளாறு சொன்னாலும், அளவுகோல் நட்டிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெரிய கருவி ஒன்றுமில்லை. இரண்டு இஞ்ச் பிவிசி குழாயில் சென்டிமீட்டர் கோடு போட்டு, ஆழமான இடத்தில் அசையாமல் நட்டால் போதும். கோட்டை எனாமல் பெயின்ட்டில் போடுங்கள், மார்க்கர் இரண்டு மாதத்தில் அழிந்துவிடும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் நேர்ப்பக்கம் உள்ள ஒரு டப்பாவை வைத்து மழை எத்தனை மில்லிமீட்டர் என்றும் எழுதுங்கள். ஒரு மாதக் கணக்கு கையில் இல்லாமல் கீழே சொல்லும் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

மழை விட்ட நாலாம் நாளே தண்ணீர் பாதியாகிவிடுகிறது

உடனே கரை ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். வெயில் குடித்ததா, மண் குடித்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பக்கெட் போதும். உள்ளே கல் போட்டு ஆழம் குறைந்த இடத்தில் வைத்து, பக்கெட்டுக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் மட்டம் ஒன்றாக இருக்கும்படி நிரப்புங்கள். மழை இல்லாத மூன்று நாள் விடுங்கள். கோடையில் பக்கெட்டுக்குள் நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் இறங்கும், அது வெயிலின் பங்கு. வெளியே அதே நாளில் 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மீதி மண்ணுக்குள் போகிறது. 25 சென்ட் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். அங்கே ஒரு சென்டிமீட்டர் என்றால் 10,000 லிட்டர், ஒரு டேங்கர் லாரி தண்ணீர். கோரையும் சம்புப் புல்லும் நெருங்கி நின்றால் இலை வழியாகவும் கொஞ்சம் போகும் என்பதால் சின்ன வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம்.

மண்தான் குடிக்கிறது என்றால் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேகமாக இறங்கி ஒரே மட்டத்தில் வந்து நின்றுவிடுகிறதா? ஓட்டை அந்த மட்டத்தில், கரையில் இருக்கிறது. எங்கள் பக்கம் பெரும்பாலும் நண்டு வளைதான், சில இடத்தில் எலி. கரையின் வெளிப்பக்கம் நடந்து போங்கள். கோடையிலும் ஒரு முழத்துக்குப் புல் கரும்பச்சையாக இருந்தால் அதற்கு நேர் உள்பக்கம் பாருங்கள். அங்கே காலால் சேற்றைக் கிளறிவிட்டு அசையாமல் நின்றால், கலங்கல் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அங்கேதான் வாய். வாயில் மட்டும் மண்ணைத் திணித்து அடைத்தால் நண்டு அடுத்த வாரமே இன்னொரு வாய் திறக்கும். வளை போகும் வரை தோண்டி, ஈரக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து மூட வேண்டும்.

எந்த மட்டத்திலும் நிற்காமல் அடிவரை இறங்குகிறது என்றால் கோளாறு தரையில். இதை நானே வரவழைத்தேன். பல தலைமுறையாக உழுது, சேறடித்து, மிதித்த வயலுக்கு அடியில் ஒரு கெட்டிக் களி அடுக்கு இருக்கும். வயலில் தண்ணீர் நின்றதே அதனால்தான். ஜேசிபி ஓட்டியவரிடம் “இன்னும் ஒரு அடி போங்க” என்று சொன்னது நான். அந்த ஒரு அடியில் களி கிழிந்து கீழே சரல் தெரிந்தது. கிழிந்ததைத் தைக்க 30 சென்டிமீட்டர் களி வேண்டியிருந்தது, ஒரே தடவையில் கொட்டாமல் 15, 15 ஆக இரண்டு அடுக்கு. களி நல்லதா என்று பார்க்க, பிசைந்து பென்சில் கனத்துக்கு உருட்டி வளையமாக வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் எடுக்கலாம். போட்டபின் தண்ணீர் விட்டு, நடவுக்கு அடிப்பதுபோல் பவர் டில்லரில் சேறடிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்வார்கள். நண்டு உள்ள ஊரில் அது ஒரு வருடம் தாங்கினால் அதிகம். மேலும் தவளையும் நத்தையும் பதுங்கச் சேறு வேண்டும்.

வடிகுழாய் ஓரமாகத் தண்ணீர் வருகிறது

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மற்ற கோளாறுக்கு ஒரு வாரம் டைம் உண்டு, இதற்கு ஒரு ராத்திரிதான்.

என் கரையில் நாலு இஞ்ச் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. உள்பக்க முனையில் ஒரு எல்போ, அதில் செங்குத்தாக ஒரு துண்டுக் குழாய். எல்போவைப் பசை போட்டு ஒட்டாமல் கிரீஸ் தடவிச் செருகியிருக்கிறேன். நிற்கும் குழாயைக் கையால் சாய்த்தால் அதன் வாய் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த மட்டம் வரை தண்ணீர் வடியும். நிமிர்த்தினால் நிற்கும். மடைப் பலகையைவிட எனக்கு இது தோது, ஒரு விரல் கனம்கூட ஏற்றி இறக்கலாம். வாயில் ஒரு கம்பி வலை கட்டாவிட்டால் முதல் மழையிலேயே ரப்பர் இலை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் முதல் தடவை இந்தக் குழாயைக் கோடையில், காய்ந்த மண்ணில் வைத்து மேலே மண்ணைத் தள்ளி மூடினேன். பிவிசி வழுவழுப்பானது, மண் அதைப் பிடிக்காது. ஜூன் மழையில் குழாயின் வெளிச்சுவரைத் தொட்டபடி நூல்போல ஒரு கசிவு வந்தது. தெளிந்த நீர்தானே என்று இருந்தேன். சாயங்காலம் அது கலங்கலாக மாறியது. கரை உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம். காலையில் போனால் கரையில் ஆறடிக்கு வாய் பிளந்து, என் களி முழுக்கக் கீழ் வயலில் கிடந்தது.

கலங்கல் தெரிந்த நிமிடம் மட்டத்தை இறக்குங்கள். எல்போவைச் சாய்ப்பது போதாவிட்டால் மறுகாலை (மிகுநீர் வழியும் வாயை) வெட்டிவிடுங்கள். வற்றியபின் குழாயைத் தோண்டி எடுத்து, நடுவில் கழுத்துப் பட்டை மாதிரி ஒரு சதுரத் தகடு மாட்டுங்கள். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் பலகை போதும். ஓரமாக ஓடி வரும் நீருக்கு அது குறுக்குச் சுவர். பிறகு ஈரக் களியை ஒரு சாண் அடுக்காகப் போட்டு, திம்மிசுக் கட்டையால் இடித்து ஏற்றுங்கள். குழாயின் அடிவயிற்றுப் பக்கம்தான் கை போகாது, ஓட்டை அங்கேதான் விழும். கம்பை வைத்துக் குத்திக் குத்தி அடையுங்கள்.

ஒரே மழையில் கரைக்கு மேல் வழிகிறது

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை எங்கள் பக்கம் புதிதல்ல. குட்டைமேல் நேராக விழுவது 10 சென்டிமீட்டர் மட்டும். ஆனால் இருபுறத்து மேட்டிலிருந்து 2 ஏக்கர் தண்ணீர் என் பள்ளத்துக்கு வருகிறது. அதில் பாதி ஓடி வந்தால் 400 கன மீட்டர், அதாவது இன்னும் 40 சென்டிமீட்டர். அரை மீட்டர் தண்ணீர் மூன்று மணி நேரத்தில் வந்து இறங்கும்போது நாலு இஞ்ச் குழாய் என்ன செய்யும்?

கரை உடைந்ததைப் பார்க்க வந்த பக்கத்து வயல் பாட்டா சொன்னது இது: “மக்ளே, பைப்பு பயிறு நனைக்கத்தான் ஆவும். வெள்ளத்துக்கு வழி வேற வேணும்லா?” எங்கள் பேச்சில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், கரையை உடைப்பதும் வெள்ளம்தான். ஊரில் எந்தக் குளத்துக்கும் மடை தனி, மறுகால் தனி. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே நான் குழாயை மட்டும் நம்பியிருந்தேன்.

மறுகால் அகலமாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். என்னுடையது இரண்டரை மீட்டர் அகலம், கரை உச்சியைவிட 40 சென்டிமீட்டர் தாழ்வு. மண் கொட்டிப் போட்ட கரையில் வைக்காமல், வெட்டாத பழைய தரையில் வையுங்கள். மேலே அருகம்புல் பத்தையை வெட்டி வந்து பதித்தால் ஒரு மழைக்காலத்தில் வேர் பிடிக்கும். சிமென்ட் பூசினால் அதன் கீழ்முனையில் தண்ணீர் விழுந்து குழி பறிக்கும், அதற்கு வேறு தனிச் செலவு.

தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சளி

டீசல் கலந்துவிட்டது என்று பயந்து வருகிறவர்களுக்கு ஒரு குச்சியைக் கொடுப்பேன். படலத்தைக் குத்துங்கள். கண்ணாடி உடைந்ததுபோல் சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்பைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை. பிரிந்து உடனே ஒன்றுசேர்ந்தால்தான் எண்ணெய். வெட்டுக்கல் (செம்புரைக்கல்) மேட்டிலிருந்து ஊறும் நீரில் இரும்பு நிறைய. மண்ணுக்குள் காற்றில்லாத இடத்தில் கரைந்து வந்து, வெளியே காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. ஒன்றும் செய்ய வேண்டாம். ஊற்றுக்குப் பக்கத்தில் குழாய் இருந்தால் மட்டும் அது வலையை அடைக்கும், மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

விடியக்காலையில் மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே நிற்கிறது

எந்த மீன் என்று பாருங்கள். விராலும் தேளியும் மேலே வந்து காற்றுக் குடிப்பது அவற்றின் இயல்பு, நாள் முழுக்கச் செய்யும். கெண்டையும் சிலேபியும் கூட்டமாக நின்றால் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது. பாசியும் செடியும் பகலில் விடும் வாயுவை ராத்திரி அவையே எடுத்துக்கொள்ளும், அதனால் விடியலில்தான் கடைசிச் சொட்டு. இரண்டு மூன்று நாள் மூடாப்பு போட்டிருந்தால் இன்னும் மோசம்.

குழாயைச் சாய்த்து 5 சென்டிமீட்டர் வெளியேற்றுங்கள். ஓடையிலிருந்து புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள், விழும்போது காற்றைக் கூட்டிக்கொண்டு வரும். சாணம், தவிடு போடுவதை நிறுத்துங்கள். யாராவது அன்போடு கொண்டுவந்து ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு விட்டால் வாங்காதீர்கள். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை உண்டு. குட்டைக்குள் புகுந்தால் தவளைக்குஞ்சு ஒன்று மிஞ்சாது.

செடி மூடிவிட்டது, தண்ணீரே தெரியவில்லை

எந்தச் செடி என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

சம்பு என்றால் தண்ணீரை ஏற்றுங்கள். அதன் கிழங்கு சேற்றுக்குள் இருந்தாலும் காற்று மேலே நிற்கும் தண்டு வழியாகத்தான் போகிறது, காய்ந்த தண்டும் அதற்குக் குழாய்தான். பச்சை, காய்ந்தது எல்லாவற்றையும் அடியோடு அறுத்து, அறுத்த கட்டைக்கு மேல் ஒரு அடி தண்ணீரை ஒன்றரை மாதம் நிறுத்துங்கள். மூச்சு முட்டி அழுகும். ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வேலை கெட்டுவிடும். முழுவதையும் அழிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஒரு மூலையில் விடுங்கள், தாழைக்கோழி கூடு கட்ட வேறெங்கே போகும்?

ஆகாயத்தாமரைக்கும் (வெங்காயத்தாமரை), கேரளப் பக்கம் ஆப்பிரிக்கன் பாயல் என்று சொல்லும் சால்வினியாவுக்கும் நேர்மாறு. அவை மிதப்பவை, ஏற்றினால் கூடவே ஏறும். தண்ணீரை இறக்கி ஓரத்துச் சேற்றில் தரைதட்ட வைத்து, கயிறு கட்டிய சட்டத்தால் இழுத்து, மறுபடி நனையாத மேட்டில் குவியுங்கள். வாழைக்கு மூடாக்காகப் போடலாம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆகாயத்தாமரை விதை சேற்றில் வருடக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் இறங்கி வெயில் பட்டால் முளைக்கும். இறக்கிய இரண்டு வாரத்தில் சேற்றோரம் குனிந்து பாருங்கள். விரல் நுனி அளவு முளைகளைக் கையோடு பிடுங்காவிட்டால் வைத்தியமே நோயைப் பெருக்கும். பாயலுக்கு 1980-களில் கேரளத்தில் பிரேசில் நாட்டுக் கூன்வண்டு ஒன்றைவிட்டு நல்ல பலன் கண்டார்கள். அது அந்தச் செடியை மட்டுமே தின்னும். பெரிய காயலுக்கு அது சரி. 25 சென்ட்டுக்கு இரண்டு பேர் ஒரு நாள் இறங்கினால் முடிந்தது.

கொசு

அளவான ஆழமும் மீனும் உள்ள குட்டையில் கொசு குறைவு. அது வளர்வது ஓரத்தில் மாட்டுக் குளம்படியிலும் வண்டிச் சக்கரப் பள்ளத்திலும் தனியாகத் தேங்கும் தண்ணீரில். அந்தப் பள்ளங்களை நிரவுங்கள், அல்லது ஒரு சின்ன வாய்க்கால் கீறிக் குட்டையோடு சேர்த்துவிடுங்கள், மீன் போய்ப் பார்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை மட்டத்தை 5 சென்டிமீட்டர் இறக்கினால் ஓரத்துப் புழுக்கள் தரையில் காய்ந்துவிடும். கொசுப்புழு தின்ன விடும் கம்பூசியா மீன் வேண்டாம், தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்னும். நம் ஓடைகளிலேயே தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்தில் நீந்தும் சிறு மீன் இருக்கிறது, மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். அதைப் பிடித்துவிடுங்கள். கழிவு ஆயில் ஊற்றச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்கவே வேண்டாம்.

பக்கத்து வாழைக்காரர் சண்டைக்கு வருகிறார்

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வாழை வேரில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். எல்லையிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கரை போட்டு, நடுவில் ஒரு வடிகால் கீறி அதைக் கீழ் ஓடையில் சேருங்கள். உங்கள் உச்ச மட்டம் அவர் தோட்டத் தரையைவிட ஒரு அடியாவது தாழ்வாக இருக்கட்டும். அளவுகோலில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டு அவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். ஓடை புறம்போக்கு என்றால் அதில் கை வைக்குமுன் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.

எல்லாம் சரி, பறவை மட்டும் வரவில்லை

தொட்டி மாதிரி செங்குத்தாக வெட்டி, எங்கும் ஒரு மீட்டர் ஆழம் வைத்திருப்பீர்கள். அங்கே முக்குளிப்பானும் நீர்க்காகமும் மட்டும் வரும். உள்ளானுக்கு 5 சென்டிமீட்டர் போதும். மடையான் ஒரு சாண் தண்ணீருக்கு மேல் நிற்காது. நெடுங்கால் உள்ளானுக்குப் பெயரிலேயே கால் இருந்தாலும் 20 சென்டிமீட்டர் தாண்டினால் கஷ்டம். தலையைக் கவிழ்த்து மேயும் சிறகிகளுக்கு 15 முதல் 30. ஆகவே ஒரு பக்கக் கரையாவது 1-க்கு 15 என்ற சாய்வில் இறங்க வேண்டும்.

சாய்வு இருந்தும் வரவில்லை என்றால் மட்டத்தை அசைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எங்கள் பெரியவர்கள் இன்னும் இடவப்பாதி (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) என்றுதான் மழையைச் சொல்வார்கள். துலாமழை ஓய்ந்து, தை பிறந்ததும் குழாயைச் சாய்க்க ஆரம்பிக்கிறேன். நாளைக்கு 2 சென்டிமீட்டர், அதற்கு மேல் இல்லை. 1-க்கு 15 சாய்வில் 2 சென்டிமீட்டர் இறங்கினால் ஓரம் முழுக்க ஒரு அடி அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வரும். நேற்றுவரை தண்ணீருக்குள் இருந்த புழுவும் நத்தையும் இன்று காலைக்குப் பந்தி. நாளைக்கு அடுத்த அடி. முதல் வருடம் அவசரப்பட்டு மூன்று நாளில் வடித்தேன். மூன்று நாள் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் திருவிழாக் கூட்டம்போல் நின்றன, நாலாம் நாள் வெடிப்பு விட்ட தரையில் ஒரு மைனா நடந்துகொண்டிருந்தது. மெதுவாக இறக்கினால் பங்குனி வரை பந்தி நடக்கும். நடுவில் ஆழமான ஒரு குழியை மட்டும் வற்ற விடாதீர்கள், மீனும் ஆமையும் அங்கே ஒதுங்கும்.

இடவப்பாதியில் இதற்கு எதிர்வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தாழைக்கோழியும் இலைக்கோழியும் முட்டையிடும். அப்போது மட்டம் ஏறக் கூடாது. கரை சரிசெய்த வருடம், இனி உடையாது என்ற தைரியத்தில் குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது 20 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. சம்புக்குள் மடித்துக் கட்டிய கூட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது, உள்ளே ஐந்து முட்டை தண்ணீருக்கு அடியில். இப்போதெல்லாம் மே கடைசியிலேயே குழாயைத் தாழ்த்தி, கூடு வைக்கும் மட்டத்திலேயே பிடித்துவைக்கிறேன். மழைக்கு முன் ஊரைவிட்டுப் போவதாக இருந்தால் இன்னும் ஒரு சாண் தாழ்த்திவிட்டுப் போகிறேன்.

25 சென்ட்டில் கூழைக்கடா இறங்கவில்லையே என்று ஏங்க வேண்டாம், ஓடி எழும்பவே அதற்கு இடம் போதாது. அதற்குச் சுசீந்திரம், தேரூர் குளங்கள் இருக்கின்றன. 94.23 ஹெக்டேர் பரப்பு. 19.75 ஹெக்டேர் உள்ள வேம்பனூரோடு சேர்ந்து 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. மார்கழியிலோ தையிலோ ஒரு காலை அங்கே கரையில் நின்று, எந்தப் பறவை கால் எவ்வளவு நனைய நிற்கிறது என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறிப்பை வைத்து உங்கள் குழாயைச் சாய்க்கலாம்.